என் மூக்குக்குத் தெரியாதது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அதே மூக்கைப் பற்றி அவர்கள் பெருமையாகச் சொல்வதும் ஒன்று உண்டு. கூடையின் மேல் ஈரத்துணி போட்டு மூடியிருந்தாலும், உள்ளே இருப்பது மல்லிகையா முல்லையா, இன்றைக்குப் பறித்ததா நேற்றைக்குப் பறித்ததா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவேன். பூக்காரர் மகளாகப் பிறந்து, கணக்கு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும் மறுபடியும் பூவுக்கே வந்து சேர்ந்தவள் நான். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கல்யாண மாலை, கோயில் மாலை, மாதா சுரூபத்துக்குச் சாத்தும் மாலை எல்லாம் கட்டுகிறோம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். வேலையைவிடப் பேச்சு அதிகம் நடக்கும்.

மாடியில் ஒரே ஓர் அறை. கொரோனா வந்த வருஷம் அதில்தான் என் வீட்டுக்காரரைக் குடிவைத்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. என்னுடையதில் ஒன்றை எடுத்து அவருக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வந்தால் எனக்கு வசதியாகிவிட்டது.

“என் கிட்னிய வச்சுக்கிட்டே என்கிட்ட மல்லுக்கு நிக்கிறீகளே” என்பேன்.

“அதான் ஒடம்பு இம்புட்டுச் சூடா இருக்கு” என்பார்.

சிரிப்பெல்லாம் சரி. உள்ளே வைத்ததை அவர் உடம்பு வேற்றாளாக நினைத்து விரட்டிவிடக் கூடாது. அதற்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைக்கிற மாத்திரைகளைக் காலம் முழுக்க அவர் சாப்பிட வேண்டும். ஊரில் மற்றவர்களுக்கு நாலு தும்மலோடு போகிற சளி அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போய் முடியும். இந்த நோய் பரவத் தொடங்கியதும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். மற்றவர்களுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம், இவருக்கு வரவே கூடாது.

வரவிடுவேனா? மாடிப்படிக்குக் கதவு போட்டேன். என்னைத் தவிர ஒரு ஈ காக்கை மேலே போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். நானும் குளித்து, துணி மாற்றி, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் ஏறுவேன். மேலே போனதும் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவேன். கட்டின புருஷன் முன்னால் உட்கார எனக்கென்ன முகமூடி என்பது என் நினைப்பு. மாத்திரையை எடுத்துக் கொடுத்து, இரத்த அழுத்தம் பார்த்து, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தெருக்கதை சொல்லிவிட்டு இறங்குவேன்.

ஊரடங்கைத் தளர்த்தியதும் மாலைக்கு ஆள் தேடி வந்தார்கள். கல்யாணத்தைச் சின்னதாக நடத்தலாம், மாலை இல்லாமல் நடத்த முடியுமா? பெண்களும் வேலைக்கு வரத் துடித்தார்கள். ஆனால் வருகிறவர்களில் யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போதுதான் கேள்விப்பட்டேன், இந்த நோய் வந்தால் மூக்கு வாசனை அறியாது என்று. எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. வாசனை என்றால் அது நம்ம இலாகா அல்லவா!

மறுநாளிலிருந்து வாசலில் நின்றுகொண்டேன். வருகிறவள் கண்ணை மூட வேண்டும். முறத்திலிருந்து ஒரு பிடி பூவை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டுவேன். “என்ன பூ?” என்பேன். மல்லி, பிச்சி, சம்பங்கி, மரிக்கொழுந்து என்று தினமும் மாற்றி மாற்றி நீட்டுவேன். சரியாகச் சொன்னால் உள்ளே போகலாம். எங்களில் வயதில் சின்னவள் ஒருத்தி இருந்தாள், வாய்த்துடுக்கு அதிகம். அவளிடம் ஒருநாள் மல்லிகையை நீட்டினேன்.

“மல்லி. ஆனா நேத்துப் பூவு. என்னக்கா, பழசக் குடுத்து ஏமாத்துறீக” என்றாள்.

சிரித்துவிட்டேன். இந்த மூக்குக்கு என்ன நோய் வந்துவிடப் போகிறது என்று அவளை என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். இன்னொருத்தி, கனகாம்பரம் தொடுப்பதில் கெட்டிக்காரி, வருஷம் முழுக்க இருமுவாள். பூந்தூசி ஒத்துக்கொள்ளாது. அவளும் பூவைச் சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவள் இருமும்போதெல்லாம் நான் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே ஒரு பாயைப் போட்டு, “நீ இங்கனயே இருந்து கட்டு ஆத்தா, கோவிச்சுக்காத” என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. பாயில் போய் உட்கார்ந்தாள்.

இப்படி எங்கள் பூ வாசல் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று தெருமுனை டீக்கடைக்காரரை மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து சுகாதாரத் துறை வண்டி வந்து தெருவில் நின்றது. வெள்ளை உடுப்பில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு இறங்கியவர்கள், வீடு வீடாக எல்லோருக்கும் சோதனை என்றார்கள். காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசமே கிடையாதாம்.

தெருவே கொதித்தது. பாசிட்டிவ் என்று ஒரு வீட்டில் வந்துவிட்டால் தெருவை மறித்துத் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும். “எடுக்க எடுக்கத்தான்யா எண்ணிக்கை கூடுது. எடுக்காம விட்டா ஒண்ணுமே இல்ல” என்று எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் சத்தம் போட்டார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. தாடிக்கொம்பில் ஒரு கல்யாணத்துக்கு மாலை கட்ட ஒப்புக்கொண்டிருந்தேன். சும்மா வேலியில் போகிற ஓணானை எதற்கு எடுத்து மடியில் விட்டுக்கொள்ள வேண்டும்?

மாடி சன்னலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “தராச ஒடச்சுப் போட்டா பூ எடை கொறஞ்சிருமாய்யா?”

மளிகைக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். தராசு வைத்துப் பிழைக்கிறவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். நான் விடவில்லை. வந்திருந்த நர்ஸ் பெண்ணை வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

“நோக்காடு வந்தவனுக்குப் பாருங்க, வேணாங்கல. கல்லுக்குண்டு மாதிரி இருக்கறவளுக்கு எதுக்கும்மா குச்சி?”

ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பெண் போலிருக்கிறது. பேச்சில் கொங்குத் தமிழ் கலந்திருந்தது. “ஏனுங்க, படுத்துக் கெடக்கறவங்கள நீங்களே கண்டுபுடிச்சுக்குவீங்க. நடமாடிட்டு இருக்கறவங்களத்தான் எங்களுக்குத் தெரியோணுங்க” என்றாள். வியர்வையில் அவள் கண்ணாடிக்குள் ஆவி படர்ந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் மாட்டேன் என்றேன். மேலேயிருந்து, “நீ எடுத்துக்கிறதாருந்தா எனக்குச் சாப்பாடு கொண்டா. இல்லாட்டி நான் பட்டினி கெடக்கேன்” என்று அறிவிப்பு வந்தது. மனுஷன் சொன்னால் செய்கிற ரகம். நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைக் காட்டினேன்.

அந்தக் குச்சி எங்கே போகிறது என்று நினைக்கிறீர்கள்? இவ்வளவு நாள் நான் சீராட்டிய மூக்குக்கு அப்படி ஓர் அடிவாரம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெண்கள் எல்லோருக்கும் எடுத்தார்கள், வாசலில் இருந்த இருமல்காரிக்கும், மாடியில் ஏறி அவருக்கும். முடிவு வர நாளைக்கோ மறுநாளோ ஆகும் என்றாள் நர்ஸ் பெண். “அதுவரைக்கும் நோய் இருக்கற மாதிரியே நெனச்சுத் தள்ளி இருங்க. வீட்டுக்குள்ளயும்தானுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

நெனச்சுக்கிறதாம்! இல்லாததை எதற்கு நினைப்பது என்று எனக்குள் பொருமிக்கொண்டே சாயங்காலம் இட்லியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அறைக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

“படியிலயே வச்சுட்டுப் போ” என்றார்.

“என்ன வெளையாட்டு இது? கதவத் தெறங்க.”

“ரிசல்ட் வரட்டும்.”

எனக்கு வந்ததே ஆத்திரம். “என் கிட்னிய உள்ள வச்சுக்கிட்டு என்னயவே வெளிய நிறுத்துறீகளா?” என்று கத்தினேன். கீழே தெருவில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள்.

கதவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “அதுக்குத்தான் நிறுத்துறேன். நீ குடுத்தத நான் காப்பாத்த வேணாமா?”

தட்டைப் படியில் வைத்துவிட்டு, இரண்டு படி கீழே உட்கார்ந்து அழுதேன். அவர் கதவைத் திறந்து தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே படியில் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கும் அடுத்த நாள் முற்பகலில் போன் வந்தது. ஆண்குரல், சின்னப் பையன்தான். என் பெயரையும் வயதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, “உங்களுக்குப் பாசிட்டிவ்மா” என்றான். நம்பர் மாறிவிட்டது தம்பி, இன்னொரு தடவை பாருங்க என்றேன். பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னான். போனைக் கீழே வைத்துவிட்டு முறத்துக்கு ஓடினேன். காலையில் வந்த மல்லிகை, ஈரம் காயாத மொட்டு. இரண்டு கையாலும் அள்ளி முகத்தை அதற்குள் புதைத்தேன்.

மணந்தது. என்ன மணம்! முறத்தில் இருந்த அவ்வளவு பூவும் ஒன்றாகச் சேர்ந்து மணந்தது.

அப்படியே நின்றேன். உடம்பில் சூடு இல்லை, வலி இல்லை, தொண்டையில் ஒரு கரகரப்புக்கூட இல்லை. ஆனால் அது எனக்குள் இருந்தது. அது இருக்கிறது என்று என் உடம்புக்கே தெரியாது. ஒரு குச்சி நுனியில் ஒட்டிய ஈரத்தை எங்கோ ஓர் அறையில் வைத்துப் பார்த்த முன்பின் தெரியாத மனிதருக்குத் தெரிகிறது! யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இது மணி கட்டாத யானை. என் வீட்டு நடுவில் வந்து நின்றிருக்கிறது, நான் வாசலில் நின்று பூவை நீட்டி யானை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆண்டவரின் படைப்பில் எத்தனையோ அதிசயங்களைக் கோயிலில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏற்பட்ட மலைப்பு எனக்கு ஒருநாளும் ஏற்பட்டதில்லை.

பிறகுதான் மாடி நினைவுக்கு வந்தது. சோதனைக்கு முந்தின நாள்வரை நான் அவர் பக்கத்தில், முகத்துக்கு நேரே உட்கார்ந்து தெருக்கதை சொல்லியிருக்கிறேன். மாதாவே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு முடிவு வர மதியம் ஆனது. நெகட்டிவ் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் கணக்கு வாத்தியார் மேலேயிருந்து போனில் அதையும் பிடுங்கினார். “இன்னைக்கு இல்லங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். நீ வந்துட்டுப் போன நாளுலருந்து எண்ணி, இன்னொரு தடவ எடுக்கச் சொல்லியிருக்காக.”

எங்கள் பெண்களில் இன்னும் ஒருத்திக்குப் பாசிட்டிவ். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? நேற்றுப் பூவை நேற்றுப் பூ என்று சொன்னாளே, என் பக்கத்தில் உட்காரவைத்தேனே, அவளுக்குத்தான். நான் பாயைப் போட்டு வெளியே தள்ளிவைத்த இருமல்காரிக்கு ஒன்றுமில்லை.

எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரே கவலைதான். மேலே இருக்கிறவருக்கு யார் சோறு போடுவது? மாத்திரை வேளை தவறக் கூடாது. நேற்றுவரை யாரையும் நம்பமுடியாமல் நானே செய்தேன். இன்றைக்கு நான்தான் கிட்டே போகக் கூடாதவள். அப்போது இருமல்காரி தள்ளி நின்று சொன்னாள். “நான் பாத்துக்கிறேங்க்கா. எனக்குத்தான் இல்லன்னு வந்துருச்சே. திரும்பவும் எடுக்கச் சொன்னாலும் எடுத்துக்கிறேன். கூடையில வச்சுக் கயித்துல ஏத்திவிடுறேன், கிட்டப் போகல.”

சோதனை என்பது யாரை விலக்கிவைப்பது என்று சொல்கிற காரியம் என்றே நினைத்திருந்தேன். யாரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் அது சொல்லும் என்பதை அவள் நின்ற நிலையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். வண்டி நகரும்போது கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் இருமிக்கொண்டே சிரித்தாள்.

காந்திகிராமம் போகிற வழியில் ஒரு மாணவர் விடுதியில் எங்களைத் தங்கவைத்தார்கள். கேட்டுக்குள் நுழைந்தபோது நோயாளிகள் கட்டிலில் முனகிக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வேப்பமரத்தடியில் நாலு பேர் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர் துண்டை உதறிக்கொண்டு பாட்டுப் பாடினார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி வராந்தாவில் வேகவேகமாக நடைப்பயிற்சி. கபசுரக் குடிநீர் கசக்கிறது என்று சண்டை, சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் உப்பில்லை என்று சண்டை. அந்தக் கட்டடம் முழுக்கத் திடகாத்திரமான ஆட்கள், அத்தனை பேருக்கும் பாசிட்டிவ்.

சாயங்காலமானால் ஒவ்வொருவரும் சுவரோரம் போய் வீட்டுக்குப் போன் பேசுவார்கள். அவர்கள் பேசுவது காதில் விழும். கண்டக்டருக்கு வீட்டில் ஆஸ்துமாக்கார அம்மா. டீச்சரம்மாவின் மகளுக்கு நிறைமாதம். தாயம் உருட்டிய ஒருவருக்கு மூச்சுக்குக் குழாய் வைத்துப் படுத்திருக்கிற அப்பா. சோதனை வண்டி வராமல் இருந்திருந்தால் இந்த ஆரோக்கியசாலிகள் எல்லோரும் அந்நேரம் அவரவர் வீட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, பாசமாகக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பார்கள். சிறுமலைப் பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நானும் என் போனோடு நிற்பேன். அந்தச் சுவரோரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

விடுதியிலும் நான் தினமும் மல்லிகையை மோந்து பார்த்தேன். காம்பவுண்டு ஓரத்தில் ஒரு செடி இருந்தது. ஒருநாள்கூட அது மணக்காமல் போகவில்லை. துடுக்குக்காரி பக்கத்தில் வந்து, “என்னக்கா, இன்னும் மூக்கத்தான் நம்புறீகளா?” என்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். நம்பவில்லை. ஆனாலும் மோந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சோதனை காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் நோய் வெள்ளமாக வந்தபோது, குஜிலியம்பாறைப் பக்கம் இருந்த என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னால் அவருக்கான மாலையைக் கட்டிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அங்கே குச்சியில் குறையில்லை. பதில் சீக்கிரம் வர வேண்டும், வந்த பதிலைக் கேட்டு விலகி நிற்க மனுஷருக்கு இடமும் சோறும் வேண்டும். எனக்கு அவை எல்லாம் கிடைத்தன. அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் விடுதியில் இருந்தபோதே என் வீட்டுக்காரருக்கு இரண்டாம் தடவை எடுத்துவிட்டார்கள். அந்த முடிவுக்குக் காத்திருந்த பொழுதில் நான் உருட்டிய ஜெபமாலை மணிகள் தேய்ந்திருக்கும். “இல்லன்னுட்டாக” என்று போனில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நானும் “ம்” என்றேன். தாழ்ப்பாள் காப்பாற்றியதா, மாதா காப்பாற்றினாளா, முந்தின நாட்களில் வெறும் அதிர்ஷ்டம்தானா, எனக்குத் தெரியாது. தாழ்ப்பாள் போடாமல் இருந்திருந்தால் மேலும் இரண்டு நாள் நான் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருப்பேன் என்பது மட்டும் தெரியும்.

எனக்கும் மறுபடி எடுத்து, இல்லை என்று வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் பாய் இல்லை. இருமல்காரி உள்ளே என் இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளை இருக்கச் சொல்லிவிட்டு, குளித்துத் துணி மாற்றி மாடி ஏறினேன். கதவு அப்போதும் தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. தட்டினேன்.

“கண்ண மூடு” என்றது உள்ளேயிருந்து குரல். கதவின் கீழ்ச்சந்து வழியாக ஏதோ பூ வெளியே வந்தது. இருமல்காரியிடம் சொல்லி, சாப்பாட்டுக் கூடையோடு சேர்த்துக் கயிற்றில் ஏற்றச் சொல்லியிருப்பார். “என்ன பூ?”

கண்ணை மூடியபடியே குனிந்து எடுத்து முகர்ந்தேன். “முல்லை. இன்னைக்குப் பறிச்சது.”

“அது கெடக்கட்டும். ரிசல்ட் என்ன சொல்லுது?”

“இல்லன்னு சொல்லுது” என்றேன்.

தாழ்ப்பாள் விலகியது. தாடி வளர்ந்து, கொஞ்சம் இளைத்து நின்றார். நான் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கொடுத்ததை அங்கேதான் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கதகதப்பாக இருந்தது.